டைட்டானிக்கில் பிழைத்த ஆறு சீனர்கள்: ஒளிந்து வந்தார்கள் என்பது உண்மையா?

நீலவானம்:
டைட்டானிக் பற்றிச் சின்ன வயதிலிருந்தே தேடித்தேடிப் படிக்கிறவன் நான். ஆனால் அதில் எட்டு சீனர்கள் போனார்கள், ஆறு பேர் உயிரோடு கரை சேர்ந்தார்கள் என்பது போன வாரம்தான் தெரிய வந்தது, எனக்கே வெட்கமாக இருந்தது. சரி, மேற்கொண்டு பார்க்கலாம் என்று தேடினால் 1912 செய்தித்தாள்களில் வந்ததைத்தான் பலரும் திரும்ப எழுதி வைத்திருக்கிறார்கள்: திருட்டுத்தனமாகக் கப்பலேறியவர்கள், படகின் அடியில் பதுங்கிக்கொண்டார்கள், பெண்களைப் போல வேடமிட்டுத் தப்பினார்கள் என்று. இது உண்மையா? பொய் என்றால் அப்போதே யாராவது மறுத்திருக்க வேண்டாமா?

கலங்கரை:
திருட்டுத்தனமாக ஏறினார்கள் என்பது சுத்தப் பொய். எட்டுப் பேருக்கும் சேர்த்து 1601 என்ற எண்ணில் மூன்றாம் வகுப்புப் பயணச்சீட்டு இருந்தது, பெயர்களும் பயணிகள் பட்டியலில் உள்ளன. எல்லோரும் கப்பல் தொழிலாளர்கள். பிரிட்டனில் அப்போது நிலக்கரிச் சுரங்க வேலைநிறுத்தத்தால் கப்பல்கள் முடங்கிக் கிடந்தன, அதனால் நியூயார்க்கில் நின்ற அனெட்டா என்ற சரக்குக் கப்பலில் வேலை செய்ய இவர்களை அனுப்பினார்கள்.

பதுங்கிய கதை டைட்டானிக்கின் 'சி' என்ற மடக்கு உயிர்காப்புப் படகிலிருந்து வருகிறது. அதில் நான்கு சீனர்கள் இருந்தார்கள். கப்பல் நிறுவனத்தின் தலைவர் இஸ்மேயும் அதே படகில்தான் தப்பினார் என்பதை மறக்க வேண்டாம். படகை நடத்திய ரோ என்ற மாலுமி, விடிந்த பிறகுதான் இருக்கைகளுக்கு நடுவே அந்த நால்வரைக் கண்டதாக விசாரணையில் சொன்னார். நள்ளிரவு தாண்டிய இருட்டு, நெருக்கியடித்து உட்கார்ந்த கூட்டம், கப்பல் சாய்ந்திருந்ததால் அதன் பக்கவாட்டில் உரசிக்கொண்டே இறங்கிய படகு. இதில் யார் கண்ணில் யார் பட்டிருப்பார்கள்? 'நான் பார்க்கவில்லை' என்று ஒருவர் சொன்னது பத்திரிகைக்குப் போனதும் 'அவர்கள் ஒளிந்திருந்தார்கள்' என்று ஆகிவிட்டது. சில வருடங்களுக்கு முன் 'தி சிக்ஸ்' ஆவணப்படக் குழுவினர் அந்தப் படகின் மாதிரியைச் செய்து ஆட்களை உட்கார வைத்தே பார்த்தார்கள், ஒளியாமலே கண்ணில் படாமல் இருக்க முடியும் என்று தெரிந்தது.

ஓலைச்சுவடி:
ஐந்தாவது ஆள் 13-ம் எண் படகில் வந்தார். ஆறாவது ஆளான ஃபாங் லாங் படகிலேயே ஏறவில்லை, கப்பல் மூழ்கியபின் தண்ணீரில் கிடந்தவர்.

அவரை மீட்டது அதிகாரி லோ நடத்திய 14-ம் எண் படகு. அதில் இருந்த சார்லட் காலியர் என்ற பெண் அதே வருடம் ஒரு பத்திரிகையில் எழுதிய விவரிப்பைப் படித்துப் பாருங்கள் (அவரை ஜப்பானியர் என்று தப்பாக எழுதியிருக்கிறார்). கதவு ஒன்றின்மேல் தன்னைக் கயிற்றால் கட்டிக்கொண்டு குப்புறக் கிடந்தாராம், ஒவ்வோர் அலைக்கும் தண்ணீர் மேலே ஏறிப் போகிறதாம். கூப்பிட்டால் அசைவில்லை. செத்திருப்பான், காப்பாற்றி என்ன பயன் என்று லோ தயங்கிவிட்டு, அப்புறம் மனம் மாறிப் படகைத் திருப்பியிருக்கிறார். மேலே ஏற்றி நெஞ்சையும் கைகால்களையும் தேய்த்துவிட்டதும் கண் திறந்தவர், சற்று நேரத்தில் எழுந்து காலை உதறித் தரையில் மிதித்து, களைத்துப் போயிருந்த ஒரு மாலுமியிடமிருந்து துடுப்பை வாங்கி வலிக்கத் தொடங்கிவிட்டார். லோவே வாய்விட்டுப் பாராட்டினார் என்கிறார் அந்த அம்மையார். இப்படி ஒரு சாட்சியம் அச்சிலேயே இருந்தும் 'கோழைச் சீனர்கள்' என்ற பேச்சுதான் நின்றது. எனக்கு இதுதான் ஆறவே மாட்டேன் என்கிறது.

கலங்கரை:
மறுத்துப் பேச அவர்கள் அங்கே இருந்தால்தானே? ஏப்ரல் 18 இரவு, பிழைத்தவர்களை மீட்ட கார்பேதியா கப்பல் நியூயார்க் வந்தது, மற்ற பயணிகள் இறங்கினார்கள். சீனத் தொழிலாளர்கள் உள்ளே வருவதைத் தடுக்க அமெரிக்கா 1882-ல் கொண்டுவந்த சீனர் விலக்குச் சட்டத்தால் இந்த ஆறு பேரை இறங்க விடவில்லை. மறுநாள் அனெட்டாவுக்கு மாற்றிக் கடலுக்கே அனுப்பிவிட்டார்கள். அமெரிக்க செனட் விசாரணை தொடங்கியதும் அதே 19-ம் தேதிதான்! ஆறு பேரில் ஒருவரிடமும் வாக்குமூலம் வாங்கவில்லை. இதே லோ விசாரணையில் இத்தாலியர்களை இழிவாகப் பேசியபோது இத்தாலியத் தூதர் தலையிட்டு, அவர் எழுத்துமூலம் அதைத் திருத்த வேண்டி வந்தது. தட்டிக் கேட்க ஆள் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அது போதும்.

ஓலைச்சுவடி:
தேடுவதில் பெரிய சிக்கல் பெயர்தான். சீன எழுத்தில் ஒன்றும் இல்லை, ஆங்கிலேய எழுத்தர் காதில் விழுந்ததை எழுதியதுதான் மிச்சம். ஒரே ஒலிப்புக்குப் பல சீன எழுத்துகள் வரும், குடும்பப் பெயர் முன்னால் வருகிறதா பின்னால் வருகிறதா என்பதும் குழப்பம். அதனால் ஆய்வாளர்கள் கப்பல் பணியாளர் பட்டியல், குடியேற்றக் கோப்பு என்று ஒவ்வொன்றாக ஒப்பிட்டுத்தான் ஆட்களைப் பிடித்தார்கள். ஃபாங் லாங் பிற்காலத்தில் ஃபாங் விங் சன் என்ற பெயரில் அமெரிக்காவில் மில்வாக்கியில் வாழ்ந்தவர். தென் சீனாவின் தைஷான் பகுதிக்காரர். மகனுக்கே, அப்பா இறந்து பல வருடம் கழித்து உறவினர் சொல்லித்தான் டைட்டானிக் விஷயம் தெரிந்தது. அந்த விலக்குச் சட்டத்தை 1943 வரை நீக்கவில்லை. அதற்கு அஞ்சிப் பழகியவர் வாய் திறக்காததில் என்ன ஆச்சரியம்?

இன்னொருவர் லீ பிங், கனடாவில் கால்ட் என்ற ஊரில் காபிக் கடை நடத்தினார். சாங் சிப் 1914-லேயே லண்டனில் நிமோனியாவில் இறந்துவிட்டார்.

நீலவானம்:
இருவருக்கும் நன்றி. இறந்த இருவரின் பெயரையும் இங்கே எழுதிவிடுகிறேன், லீ லிங், லென் லாம். விசாரணைப் பதிவுகள் முழுவதும் இணையத்தில் இருக்கின்றன, இன்று இரவு ரோவின் சாட்சியத்திலிருந்து படிக்கத் தொடங்குகிறேன்.