பார்சல் தம்பிக்கு ஒரு டம்ளர் மோர்

கேள்வி:
மே மாத வெயிலில் பார்சல் கொண்டுவரும் தம்பிகளுக்கு மோர் கொடுக்காமல் அம்மா அனுப்புவதே இல்லை. கொடுத்த நாளில் அம்மாவின் முகமே தனி. குடிப்பவரைவிடக் கொடுப்பவருக்குத்தான் சந்தோஷம் அதிகமோ? யாராவது ஆராய்ந்திருக்கிறார்களா?

பதில் 1:
ஆமாம். கனடாவில் உளவியலாளர் எலிசபெத் டன் குழுவினர் 2008-இல் ஆராய்ந்தார்கள். ஆட்களிடம் காலையில் 5 அல்லது 20 டாலர் கொடுத்து, மாலைக்குள் சிலரைத் தமக்கே செலவழிக்கச் சொன்னார்கள், சிலரைப் பிறருக்காக. பிறருக்காகச் செலவழித்தவர்கள்தான் மாலையில் அதிக சந்தோஷமாக இருந்தார்கள், ஐந்தோ இருபதோ வித்தியாசமே இல்லை.

பதில் 2:
வாங்குபவர் பக்கமும் பாருங்க. இன்னொரு ஆய்வில், சிகாகோவில் ஐஸ் ஸ்கேட்டிங் திடலில் சிலரை முன்பின் தெரியாதவர்களுக்குச் சூடான சாக்லேட் பானம் கொடுக்கவைத்தார்கள். கொடுத்தவர்கள் நினைத்ததைவிட, வாங்கியவர்களுக்கு அது ரொம்பப் பெரிய விஷயமாக இருந்தது. ‘ஒரு கப்தானே, என்ன நினைப்பாரோ’ என்று நாம் தயங்குகிறோமே, தேவையே இல்லை.

பதில் 3:
நான் டெலிவரி வேலை பார்த்தவன். மோர் நல்லதுதான், ஆனால் நின்று குடிக்க நேரம் இருக்காது, அடுத்த ஆர்டர் கத்திக்கொண்டிருக்கும். பாட்டிலில் தண்ணீர் பிடிச்சுக்கோப்பா என்பார்கள் சிலர், அதுதான் சொர்க்கம். அப்புறம், லிஃப்டில் ஏறாதே என்று விரட்டாமல் இருந்தாலே பாதி மோர் குடித்த மாதிரிதான்.