புதுப்பிப்பு: மகனின் டயப்பர் இப்போது இரவில் ஒழுகுவதில்லை

ஒன்றரை வயது மகனின் டயப்பர் விடியப்புறம் ஒழுகிப் பாய் நனைகிறது என்று 2 கிழமைக்கு முன் கேட்டிருந்தேன். இப்போது 9 இரவாகப் பாய் காய்ந்தே கிடக்கிறது.

கிளிநொச்சியில் ஒரு அளவு பெரியதாக வாங்கினோம். ஆனால் முக்கியமான பிழை நாங்கள் கட்டிய விதத்தில்தான். தொடையோரத்துச் சுருக்கு விளிம்பு உள்ளே மடிந்து கிடந்தது. விரலை விட்டுச் சுற்றிவர வெளியே இழுத்துவிட வேண்டும். ஆண் பிள்ளையென்றால் குஞ்சாமணி கீழ்நோக்கி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வயிற்றுப் பக்கத்தால் ஒழுகும்.

அம்மம்மா சொல்லி, பழைய வேட்டித் துணியை மடித்து உள்ளே வைத்தும் பார்த்தோம். வன்னி வெக்கைக்குத் தொடையிடுக்கு சிவந்துவிட்டது, பாவம். அதை விட்டுவிட்டோம்.

தண்ணீரைக் குறைக்கவில்லை. இந்த வெயிலுக்கு அது கூடாது. படுக்கும் முன் புதிதாக மாற்றிவிடுகிறோம், அவ்வளவுதான்.