ஃபோர்டு போயிடுச்சு, ஸ்பேர் கிடைக்குமா? கோத்தகிரியில் ஓட்ட வாங்கலாமா?

கோத்தகிரி டாக்சி:
செகண்ட் ஹேண்ட் ஃபோர்டு ஆஸ்பயர் டீசல் கார் ஒண்ணு மலிவா வருது. 2021லேயே இங்க தயாரிப்பை நிறுத்துறோம்னு அறிவிச்ச கம்பெனி. மாருதியிலும் சுசுகி பணம்தானே? அதுக்கு மட்டும் மூலைக்கடையிலகூட பார்ட்ஸ் கிடைக்குதே, ஏன்?

சென்னை பாடி வெண்டர்:
பணம் யாருதுன்னு பார்க்காதீங்க, பார்ட்டை எங்க செய்றாங்கன்னு பாருங்க. 1982ல் சுசுகி 26 சதவீதப் பங்கோட வந்தப்ப, உள்ளூர்ப் பாகங்களைப் படிப்படியா கூட்டணும்னு நிபந்தனை இருந்துச்சு. மாருதியே சில வெண்டர் (பார்ட்ஸ் செஞ்சு கொடுக்கிற) கம்பெனிகள்ல பங்கு போட்டு வளர்த்துச்சு. நம்ம ஊர்ல அதுக்கு முன்னாடியே சென்னை பாடியில் லூகாஸ்-டிவிஎஸ், பிரேக்ஸ் இந்தியா மாதிரி பார்ட்ஸ் கம்பெனிகள் எல்லாம் பிரிட்டிஷ் கூட்டில் வந்தாச்சு. ஹூண்டாய் 1996ல் வந்தப்ப கொரிய வெண்டர்களையும் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கூட்டிட்டு வந்துச்சு.

கார் கம்பெனி போனாலும் இந்த வெண்டர்கள் இங்கதான் இருப்பாங்க. ஆனா ஒரு மாடலுக்குன்னே செஞ்ச டை, மோல்டுக்கு (பாகத்தை வார்க்கிற, அழுத்துற அச்சுக்கு)ப் பெரும்பாலும் காசு கொடுத்தது கார் கம்பெனி. ஆர்டர் வரலைன்னா வெண்டர் தன் இஷ்டத்துக்கு அந்த அச்சை ஓட்ட முடியாது. சிக்கல் அங்கதான்.

வண்டி வரலாறு:
1997ல் புதுசா வந்த கம்பெனிகளுக்கு 3 வருஷத்தில் 50, 5 வருஷத்தில் 70 சதவீதம் உள்ளூர்ப் பாகம்னு விதி போட்டாங்க. அமெரிக்காவும் ஐரோப்பிய யூனியனும் உலக வர்த்தக அமைப்புக்குப் போக, 2001 கடைசியில் தீர்ப்பு நமக்கு எதிரா வந்துச்சு. இப்போ இங்கேயே செய்ய வைக்கிற வேலையைச் செய்றது சுங்கவரி: முழு காருக்கு அதிகம், பிரிச்ச பாகமா வந்தா குறைவு.

ஊட்டி ஒர்க்ஷாப்:
வரலாறு இருக்கட்டும், வண்டிக்கு வருவோம். பிரேக் பேட், கிளட்ச் செட், ஃபில்டர், பெல்ட் எல்லாம் வெளிமார்க்கெட்டில் கிடைக்கும். கிடைக்க இழுக்கிறது ஹெட்லைட், பம்பர், கதவு, ஏபிஎஸ் யூனிட் (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்காம தடுக்கிறது) மாதிரி அந்த மாடலுக்கே உரியவை.

மேட்டுப்பாளையம் இறக்கத்துக்கு பிரேக் ஆயில் பழசானா ஆபத்து. அது ஈரம் இழுக்கும், சூட்டில் கொதிச்சு பெடல் அமுங்கிடும். டாட் 4 தர பிரேக் ஆயில் ஊத்தி 2 வருஷத்துக்கு ஒரு தடவை மாத்துங்க, இரண்டாவது கியர்ல இறங்குங்க. கிளட்ச் பார்க்க: ஹேண்ட்பிரேக் போட்டு மூணாவது கியர்ல கிளட்ச்சை மெல்ல விடுங்க. எஞ்சின் ஆஃப் ஆகணும். ஓடிட்டே இருந்தா கிளட்ச் பிளேட் போச்சு.

கோத்தகிரி டாக்சி:
அண்ணே, அப்போ விலையை எப்படிப் பேசுறது?

ஊட்டி ஒர்க்ஷாப்:
ஹெட்லைட் செட், முன் பம்பர், சைடு மிரர் மூணுக்கும் இன்னைக்கே விலையும் இருப்பும் விசாரிச்சு அதைக் கழிச்சுக் கேளுங்க. டைமிங் பெல்ட் மாத்தின பில் இல்லைன்னா பெல்ட், அதை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனர், வாட்டர் பம்ப் செலவையும் சேர்த்துக் கழிங்க. இடிச்சு டிங்கரிங் செஞ்ச வண்டின்னா வேண்டவே வேண்டாம்.