பாட்டி வீட்டுச் சுவரில் எந்தப் படம்?

குழு: ஏழூர்த் திருவிழா (நம் வீட்டார்)

நான்: ஏழூர்த் திருவிழாவுக்கு எல்லோரும் திருவையாற்றில் கூடுகிறோம் அல்லவா? பல்லக்கு புறப்படுவதற்கு முந்தைய இரவு, பாட்டி வீட்டுக் கொல்லைப்புறச் சுவரில் ஒரு பழைய மௌனப்படத்தைக் காட்டலாம் என்று அண்ணனும் நானும் நினைக்கிறோம். ப்ரொஜெக்டர் கொண்டுவருவது அண்ணன் பொறுப்பு. எந்தப் படம் என்பதைப் பெரியவர்கள் சொல்லுங்கள்.

தம்பி: அக்கா, மௌனப்படத்தில் எல்லோரும் துடுக்குத் துடுக்கென்று நடப்பார்கள், காரணமில்லாமல் ஓடுவார்கள், விழுவார்கள். அதைக் கைப்பேசியில் இரண்டு நிமிடம் பார்த்துச் சிரிக்கலாம். ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து பார்க்க யாரால் முடியும்?

மாமா (மயிலாடுதுறை): மாப்பிள்ளை, நீ பார்த்துச் சிரித்தது அந்தப் படத்தையல்ல, தவறான வேகத்தில் ஓட்டப்பட்ட ஒரு நகலை. குத்தாலம் பக்கத்து டூரிங் கொட்டகையில் ஆபரேட்டராக இருந்தவன் என்பதால் இதைக் கணக்கோடு சொல்கிறேன். 35 மி.மீ. படச்சுருளில் ஓர் அடிக்கு 16 ஃபிரேம், அதாவது 16 தனித்தனிப் படம் உண்டு. ஆகவே 1,000 அடிச் சுருளில் 16,000 ஃபிரேம். பேசும்படம் நொடிக்கு 24 ஃபிரேம் வேகத்தில் ஓடுவதால், அந்தச் சுருள் பதினொரு நிமிடத்தில் தீர்ந்துவிடும். அதையே நொடிக்கு 16 ஃபிரேம் என்று ஓட்டினால் பதினாறு நிமிடத்துக்கும் மேல் வரும். மௌனப்படக் காலத்தில் காமிராவைக் கையால் சுழற்றியே படம் எடுத்தார்கள். அதனால் வேகம் ஆளுக்கு ஆள், படத்துக்குப் படம் மாறியது. ஒலி வந்த பிறகு வேகம் சற்று மாறினாலும் குரல் கெட்டுவிடும் என்பதால்தான் மோட்டாரை வைத்து 24 என்று நிலைப்படுத்தினார்கள். 18 ஃபிரேமில் எடுத்த படத்தை 24இல் ஓட்டினால், 80 நிமிடக் கதை 60 நிமிடத்தில் முடிந்து, அழ வேண்டிய இடத்திலும் நீ சிரிப்பாய்.

அத்தை: விளம்ப காலத்தில் பாட வேண்டிய பதத்தைத் துரித காலத்தில் பாடிவிட்டுப் பாட்டே நன்றாக இல்லை என்று சொல்வதுபோல இருக்கிறது தம்பி சொல்வது.

தம்பி: சரி, வேகத்தை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முகங்கள் ஏன் சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளையாகவும், கண்கள் மை அப்பியதுபோலவும் இருக்கின்றன? இயல்பான நடிப்பு என்று அதை எப்படி ஏற்றுக்கொள்வது?

மாமா (மயிலாடுதுறை): அதற்கும் பிலிம்தான் காரணம். அந்தக் காலத்து ஆர்த்தோகுரோமாட்டிக் பிலிமுக்குச் சிவப்பு நிறம் தெரியாது. நீலம் வெளிறிப் போகும், சிவப்பு கறுத்துப் போகும். சிவந்த கன்னமும் உதடும் கறுப்பாக விழுந்துவிடும் என்பதால்தான் முகத்துக்கு அப்படி ஒரு பூச்சு தேவைப்பட்டது. 1920களின் பிற்பகுதியில் எல்லா நிறத்தையும் உணரும் பிலிம் பரவலான பிறகு எடுத்த படங்களைப் பார், முகங்கள் உன் முகம் என் முகம் போலவே இருக்கும்.

அத்தை: இயல்பு என்று நீ எதைச் சொல்கிறாய் என்பதையும் கேட்க வேண்டும், தம்பி. மெலட்டூர் பாகவத மேளாவில் ஆண்கள் பெண் வேடம் கட்டி விடிய விடிய நடிப்பதைக் கடைசி வரிசையில் இருந்தும் கண் கொட்டாமல் பார்த்தவர்கள் நாம். அங்கே யாரும் இயல்பைத் தேடுவதில்லை. புருவம் எங்கே ஏறுகிறது, கண் எங்கே போகிறது என்றுதான் பார்க்கிறோம். பால்கே 1913இல் எடுத்த ‘ராஜா ஹரிச்சந்திரா’வில் ஹரிச்சந்திரனின் மனைவி தாராமதியாக நடித்தவரும் சாலுங்கே என்ற ஓர் ஆண்தான். அபிநயம் பார்த்துப் பழகிய கண்ணுக்கு மௌனப்படம் அந்நியமே அல்ல. அதில் வாய்ப்பேச்சு இல்லாத இடத்தைக் கையும் தோளும் நடையும் நிரப்புகின்றன. நீ வசனத்துக்காகக் காத்திருந்தால் சலிப்புதான் வரும். உடம்பைப் பார்க்க ஆரம்பித்தால் நேரம் போவது தெரியாது.

பெரியப்பா: தங்கை சொல்வது சரி. நான் சாப்ளினின் ‘தி கோல்ட் ரஷ்’ படத்தை முன்மொழிகிறேன். பனிமலைக் குடிசையில் பசி தாங்காமல் தன் பூட்ஸையே வேகவைத்துச் சாப்பிடும் காட்சி ஒன்று போதும். கவனித்துப் பாருங்கள்: பூட்ஸ் வெந்துவிட்டதா என்று முள்கரண்டியால் குத்திப் பார்க்கிறார், தட்டில் வைத்து அதன் மேல் கரண்டியால் சாறு ஊற்றுகிறார், மேல்தோலையும் அடித்தோலையும் பதமாகப் பிரிக்கிறார், கயிற்றை முள்கரண்டியில் சுற்றி வாயில் இடுகிறார், ஆணிகளை ஒவ்வொன்றாக எலும்பைச் சப்புவதுபோல் சப்பித் தட்டின் ஓரத்தில் ஒதுக்குகிறார். எதிரே இருப்பவன் ஒரு வாய் மென்று முகம் சுளிக்க, இவரோ விருந்துண்ணும் பிரபுவின் மரியாதை குறையாமல் உண்கிறார். பசியைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஆனால் பசித்தவனின் மானத்தைப் பற்றி இவ்வளவு விரிவாகச் சொன்ன காட்சியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

தம்பி: பெரியப்பா, உண்மையிலேயே தோலைத் தின்றாரா?

பெரியப்பா: இல்லை அப்பா, அந்தப் பூட்ஸை அதிமதுர மிட்டாயால் செய்திருந்தார்கள். நம் ஊர் நாட்டு மருந்துக் கடையில் இருமலுக்குக் கொடுக்கும் அதே அதிமதுரம்தான்.

அண்ணன் (தஞ்சாவூர்): ‘கோல்ட் ரஷ்’ என்றால் எந்தப் பிரதி என்பதையும் இப்போதே முடிவு செய்துவிடுவோம். 1925இல் வெளிவந்த மூலப்படம் ஒன்றரை மணி நேரத்துக்கும் சற்று மேல். 1942இல் சாப்ளினே காட்சிகளுக்கு இடையில் வசனம் காட்டும் எழுத்து அட்டைகளை நீக்கிவிட்டு, இசை சேர்த்து, தம் குரலில் கதை சொல்லி, 72 நிமிடமாகச் சுருக்கி மறுபடி வெளியிட்டார். இணையத்தில் இரண்டும் கலந்து கிடக்கின்றன. சில இடங்களில் மங்கிய நகலின் மேல் யாரோ தமக்குத் தோன்றிய பியானோ இசையை ஒட்டிவைத்திருக்கிறார்கள்; படத்தில் ஒருவன் பட்டினி கிடக்கும்போது அது குதூகலமாக வாசித்துக்கொண்டிருக்கிறது. அத்தகைய நகலைப் பார்த்துவிட்டுத்தான் பலர் மௌனப்படம் நமக்கு ஒத்துவராது என்று ஒதுங்கிவிடுகிறார்கள் என்பது என் எண்ணம்.

மாமா (மயிலாடுதுறை): என் ஓட்டு பஸ்டர் கீட்டனின் ‘தி ஜெனரல்’ படத்துக்கே. 1926இல் எடுத்தது, கதாநாயகன் ஒரு ரயில் எஞ்சின் ஓட்டுநர். காதலி கோபித்துக்கொண்டு போனதும், எஞ்சின் சக்கரங்களை இணைக்கும் இரும்புத் தண்டின் மேல் சோர்ந்து உட்கார்கிறான். எஞ்சின் மெல்லப் புறப்படுகிறது. தண்டோடு சேர்ந்து அவன் மேலும் கீழுமாகப் போய்வருவது அவனுக்கே தெரியவில்லை. கொட்டடிக்குள் நுழையும் நேரத்தில்தான் திடுக்கிட்டு நிமிர்கிறான். இதில் தந்திரக் காட்சி எதுவும் கிடையாது. நீராவியைச் சற்றுக் கூடுதலாகத் திறந்து சக்கரம் வழுக்கிச் சுழன்றிருந்தால் ஆளே போயிருப்பார். கடைசியில் எரியும் மரப்பாலத்திலிருந்து ஆற்றில் விழுவதும் உண்மையான எஞ்சின்தான். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் அதற்காகவே பாலம் கட்டி எடுத்தார்கள். கீட்டன் படம் முழுவதும் சிரிக்கவே மாட்டார், நாம்தான் சிரிப்போம்.

அத்தை: படம் அருமைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த நாயகன் அமெரிக்க உள்நாட்டுப் போரில் சண்டையிடுவது அடிமை முறையைக் காத்து நின்ற தென் மாநிலங்களின் பக்கம் என்பதைக் குழந்தைகளுக்குச் சொல்லாமல் காட்டக் கூடாது. பழைய படம் என்பதற்காக எல்லாவற்றையும் தலையில் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

மாமா (மயிலாடுதுறை): அதை நான் முன்னுரையிலேயே சொல்லிவிடுகிறேன், மறைப்பதற்கு என்ன இருக்கிறது?

நான்: நம் ஊர்ப் படங்கள் எதையும் யாரும் சொல்லவில்லையே?

பெரியப்பா: சொல்வதற்கு மிஞ்சியிருந்தால்தானே, மகளே! நடராஜ முதலியார் எடுத்த ‘கீசக வதம்’தான் தென்னிந்தியாவின் முதல் கதைப்படம், அது இன்று இல்லை. இந்தியாவில் ஆயிரத்து முந்நூறுக்கும் மேற்பட்ட மௌனப்படங்கள் எடுக்கப்பட்டன என்கிறார்கள். பகுதியாகவோ முழுதாகவோ எஞ்சியிருப்பவை முப்பதுக்கும் குறைவு. அந்தக் காலத்து நைட்ரேட் பிலிம் தீப்பற்றக்கூடியது, பற்றாவிட்டாலும் பெட்டிக்குள்ளேயே மக்கிவிடும். போதாக்குறைக்கு, ஓடி முடிந்த படத்தை, பிலிமில் உள்ள வெள்ளிக்காகக் கரைத்து விற்றவர்களும் உண்டு. மலையாள நாவலைத் தழுவிய மௌனப்படமான ‘மார்த்தாண்ட வர்மா’ தப்பிப் பிழைத்த கதை விசித்திரமானது. நாவலின் பதிப்புரிமை குறித்த வழக்கில் படம் முடங்கியது. பல பத்தாண்டுகளுக்குப் பிறகு, 1974இல், அதன் பிரதி புனேயில் உள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ஊர் ஊராக ஓடியிருந்தால் அதுவும் தேய்ந்து அழிந்திருக்கும் என்றே நான் நினைக்கிறேன்.

மாமா (மயிலாடுதுறை): ஊர் ஊராக என்றதும் திருச்சிக்காரர் நினைவுக்கு வருகிறார். அங்கே ரயில்வேயில் வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905இல் டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து ப்ரொஜெக்டரையும் படச்சுருள்களையும் விலைக்கு வாங்கி, கூடாரம் போட்டுப் படம் காட்டக் கிளம்பினார். நான் ப்ரொஜெக்டர் விளக்கின் கார்பன் குச்சிகளின் இடைவெளியைக் கண்ணால் பார்த்துப் பார்த்துச் சரிசெய்த கொட்டகைத் தொழிலுக்கு இந்தப் பக்கத்தில் அவர்தான் மூத்தவர்.

அத்தை: திருவையாற்றுச் சுவரில் படம் காட்டிவிட்டு டி.பி.ராஜலட்சுமியைச் சொல்லாமல் இருந்தால் ஊர் நம்மை மன்னிக்காது. திருவையாறு பஞ்சாபகேச ராஜலட்சுமி மௌனப்படத்திலும் நடித்தவர். 1931 அக்டோபர் 31 அன்று வெளிவந்த முதல் தமிழ்ப் பேசும்படமான ‘காளிதாஸ்’ படத்தின் நாயகியும் அவரே. 1936இல் ‘மிஸ் கமலா’வைத் தாமே எழுதி இயக்கினார். ‘காளிதாஸ்’ படத்தின் பிரதி இன்று கிடைக்கவில்லை என்பதால் அவரைப் பெயராக மட்டுமே காட்ட முடிகிறது.

அண்ணன் (தஞ்சாவூர்): பாட்டியிடம் தொலைபேசியில் கேட்டேன். “பாட்டு உண்டா?” என்பதுதான் அவர் கேட்ட ஒரே கேள்வி. இல்லை என்றதும், “அப்படியானால் நான் ஒன்பது மணிக்குப் படுத்துவிடுவேன்” என்றார்.

மாமா (மயிலாடுதுறை): பாட்டியைத் தூங்கவிடக் கூடாது. எங்கள் மாயவரத்து தியாகராஜ பாகவதரின் ‘ஹரிதாஸ்’ இருக்கிறதே, அதிலிருந்து இரண்டு பாட்டுகளை முதலில் போட்டுவிடுவோம். 1944 தீபாவளிக்கு வெளிவந்து, சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளியைக் கண்ட படம்; பாட்டுகள் பாபநாசம் சிவன் எழுதியவை. அதில் காமிரா அவ்வளவாக அசையாது, பாகவதரும் அவ்வளவாக அசைய மாட்டார், ஆனால் குரல் நம்மை அசையவிடாது. அடுத்து மௌனப்படத்தைப் போட்டால், ஒலி வந்தபோது சினிமா எதைப் பெற்றது, எதைக் கைவிட்டது என்பது பார்ப்பவர்களுக்குத் தானே விளங்கும்.

தம்பி: மாமா, இடையில் வரும் ஆங்கில எழுத்து அட்டைகளைப் பாட்டிக்கு யார் படித்துச் சொல்வது?

பெரியப்பா: நான் சொல்கிறேன். மௌனப்படம் ஓடிய காலத்தில் திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று அட்டைகளைப் படித்து, கதையை விளக்கி, சில நேரம் தம் சொந்தச் சரக்கையும் சேர்த்துவிடுவார். ஆர்மோனியமும் தபலாவும் உடன் வாசிப்பார்கள். கொட்டகைக்குள் மௌனம் என்பதே இருந்ததில்லை. நாற்பது ஆண்டுகள் வகுப்பறையில் கத்திய தொண்டை எனக்கு இருக்கிறது, மைக் வேண்டாம்.

அண்ணன் (தஞ்சாவூர்): பெரியப்பா, பூட்ஸ் காட்சியில் மட்டும் தயவுசெய்து பேசாமல் இருங்கள்.

பெரியப்பா: அந்தக் காட்சியில் பேசுபவனை நானே எழுப்பி வாசலுக்கு அனுப்பிவிடுவேன்.

நான்: அப்படியானால் இப்படி முடிவு செய்கிறேன், ஆட்சேபணை இருந்தால் இன்றிரவுக்குள் சொல்லுங்கள். முதலில் ‘ஹரிதாஸ்’ பாட்டுகள் இரண்டு. பிறகு ‘கோல்ட் ரஷ்’, பெரியப்பா படித்துச் சொல்லப் போவதால் எழுத்து அட்டைகளுடன் கூடிய 1925 பிரதி. மாமாவின் ‘ஜெனரல்’ மறுநாள் இரவு, பல்லக்கோடு நடந்த களைப்புத் தீர்ந்து விழித்திருப்பவர்களுக்காக. சித்திரை மாதம் என்பதால் ஏழேகால் மணிக்கு முன்னால் இருட்டாது; அதற்குள் எல்லோரும் சாப்பிட்டு முடித்துவிட வேண்டும்.

அத்தை: மூன்றாவதாக ஒன்று எனக்கு வேண்டும், பெரியவர்களுக்கு மட்டும். டென்மார்க் இயக்குநர் டிரையர் 1928இல் எடுத்த ஜோன் ஆஃப் ஆர்க் படம், ஏறக்குறைய முழுக்க முழுக்க முகங்களாலேயே ஆனது. மூலப்பிரதி எரிந்துபோய்விட்டது என்று நெடுங்காலம் நம்பியிருந்தார்கள். 1981இல் நார்வே நாட்டு மனநல மருத்துவமனை ஒன்றின் அலமாரியிலிருந்து கிடைத்தது. அதை நான் இசையே இல்லாமல் பார்க்க விரும்புகிறேன்.

அண்ணன் (தஞ்சாவூர்): அதைக் கூடத்தில் மடிக்கணினியிலேயே பார்த்துக்கொள்ளலாம் அத்தை, நானும் உட்காருகிறேன். இப்போது முக்கியமான விஷயம்: கொல்லைச் சுவரில் பாசி படிந்திருப்பதாகப் பாட்டி சொல்கிறார், அதன் மேல் படம் விழுந்தால் சாப்ளின் பச்சையாகத் தெரிவார்.

மாமா (மயிலாடுதுறை): எட்டு முழ வேட்டி இரண்டைச் சேர்த்துத் தைத்து, மேலும் கீழும் மூங்கில் கழி கொடுத்து இழுத்துக் கட்டினால் போதும். தையல் படுக்கைவாட்டத்தில் வரட்டும், செங்குத்தாக வந்தால் நடிகரின் மூக்கை இரண்டாகப் பிளக்கும். கரை இல்லாத வேட்டியாகப் பார்த்துக் கொண்டு வா.

தம்பி: வேட்டிகளை நான் கொண்டுவருகிறேன் மாமா. ‘ஜெனரல்’ படத்தின் சரியான வேகத்து நகல் உங்களிடம் இருந்தால், விடுதி நண்பர்களுக்குக் காட்ட எனக்கும் ஒன்று பதிந்து கொடுங்கள்.