ஃபிக்‌ஷன் தாளை வைத்துக்கொண்டு இந்த வாரயிறுதியில் ஸ்ட்ராஸ்பூர்க் போய்வரலாமா?

பாடன் மாணவன்:

வணக்கம். ஜெர்மனியில் பாடன் பகுதியில் முதுகலை முதலாண்டு படிக்கிறேன். வெள்ளிக்கிழமை வகுப்பு முடிந்ததும் நண்பர்களோடு கிளம்புவதாகத் திட்டம். சனிக்கிழமை முழுவதும் எல்லைக்கு அப்பால் பிரான்ஸில் ஸ்ட்ராஸ்பூர்க், கிறிஸ்துமஸ் சந்தை. ஞாயிற்றுக்கிழமை பிரான்ஸின் கோல்மாரா சுவிட்சர்லாந்தின் பாசலா என்று இன்னும் சண்டை ஓயவில்லை. கூட வருகிறவர்கள் இத்தாலிக்காரன் ஒருவன், ஸ்பெயின்காரி ஒருத்தி, அமெரிக்கத் தோழி ஒருத்தி.

சிக்கல் என் காகிதத்தில்தான். சென்னையில் ஒட்டிக் கொடுத்த டி வகை (நீண்டகாலத் தங்கல்) விசா காலாவதியாகிவிட்டது. அது முடிவதற்கு முன்பே குடியிருப்பு அனுமதிக்கு விண்ணப்பித்துவிட்டேன். அட்டை வர நாளாகும் என்று சொல்லி ஃபிக்ட்சியோன்ஸ்பெஷைனிகுங் என்ற மடிப்புத் தாளைத் தற்காலிகச் சான்றாகக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இங்கே மாணவர்கள் எல்லோரும் அதை ஃபிக்‌ஷன் தாள் என்றுதான் சொல்கிறோம். அதை வைத்துக்கொண்டு பிரான்ஸ் போகலாமா கூடாதா என்று தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தும் எனக்குப் புரியவில்லை. அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினால் தானியங்கிப் பதில் வருகிறது.

"பக்கத்து ஊர்தானே, இதற்கு ஏன் இவ்வளவு யோசனை?" என்கிறான் இத்தாலிக்காரன். அடையாள அட்டை ஒன்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நாடு நாடாகச் சுற்றுகிறவனுக்கு இதை எப்படிப் புரியவைப்பது? தங்கும் விடுதிக்கு நாளை இரவுக்குள் பணம் கட்ட வேண்டும். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஊர்சுற்றி:

போய்விட்டு வா தம்பி. ஷெங்கனுக்குள், அதாவது தங்களுக்குள் எல்லைச் சோதனையை நீக்கிக்கொண்ட ஐரோப்பிய நாடுகளுக்குள், எல்லை என்று ஒன்று கிடையாது. ஜெர்மன் எல்லையில் உள்ள கெல் ஊரில் டிராம் ஏறினால் ரைன் ஆற்றைத் தாண்டியதே தெரியாது. நான் படித்த காலத்தில் பாஸ்போர்ட்டை அறையிலேயே வைத்துவிட்டுப் போவேன், ஒருவரும் கேட்டதில்லை.

ரைன்கரைவாசி:

மேலே உள்ள அண்ணன் எந்தக் காலத்தில் படித்தார் என்று தெரியவில்லை. பிரான்ஸ் 2015 நவம்பரிலிருந்தே எல்லைச் சோதனையை நீட்டித்துக்கொண்டு வருகிறது. ஜெர்மனி 2024 செப்டம்பர் 16 முதல் எல்லா நில எல்லைகளிலும் சோதனை நடத்துகிறது. எல்லோரையும் நிறுத்துவதில்லை, உண்மைதான். ஆனால் நிறுத்தும்போது யாரிடம் முதலில் வருவார்கள் என்பது நம் முகம் கொண்டவர்களுக்குச் சொல்லாமலே தெரியும். பாஸ்போர்ட்டை அறையில் வைத்துவிட்டுப் போகச் சொல்லும் அறிவுரையைத் தயவுசெய்து யாரும் கேட்காதீர்கள்.

தம்பி, உன் கேள்விக்கு விடை உன் கையிலேயே இருக்கிறது. தாளைப் பிரித்து மூன்றாம் பக்கத்தைப் பார். ஒன்றன்கீழ் ஒன்றாகச் சிறு கட்டங்கள் இருக்கும். அவற்றில் எதில் குறி போட்டிருக்கிறார்கள்? எல்லாம் அதில்தான் இருக்கிறது.

மூன்றாவது கட்டம் என்றால், ஜெர்மன் வசிப்புச் சட்டம் பிரிவு 81 உட்பிரிவு 4-இன்படி உன் பழைய அனுமதி இன்னும் தொடர்வதாகக் கருதப்படுகிறது. ஷெங்கன் நாடுகள் ஒப்புக்கொள்ளும் குடியிருப்பு ஆவணங்கள் என்று ஒரு பட்டியல் உண்டு. அதில் இந்தத் தாளையும் ஜெர்மனி சேர்த்திருக்கிறது, ஒரு நிபந்தனையோடு: மூன்றாவது கட்டத்தில் குறி இருக்க வேண்டும், கூடவே காலாவதியான விசாவையோ அட்டையையோ காட்ட வேண்டும். தாளை மட்டும் நீட்டினால் போதாது. குடியிருப்பு ஆவணம் கையில் இருந்தால் மற்ற ஷெங்கன் நாடுகளில் எந்த 180 நாள்களிலும் 90 நாள் வரை தங்கலாம்.

முதல் கட்டமோ இரண்டாவது கட்டமோ என்றால் இதெல்லாம் பொருந்தாது. ஜெர்மனிக்குள்ளேயே சுற்று.

பாடன் மாணவன்:

இப்போதுதான் பிரித்துப் பார்த்தேன். மூன்றாவது கட்டம்! பேனாவால் போட்ட சிறிய பெருக்கல் குறி. இத்தனை நாளாக இது கண்ணிலேயே படவில்லை. தாள் ஜனவரி வரை செல்லும்.

அமெரிக்கத் தோழியிடமும் இதே போன்ற தாள் இருக்கிறது. அவளுக்கு முதல் கட்டத்தில் குறி. விசா இல்லாமல் வந்து இங்கே விண்ணப்பித்தவள். அவள் வரலாமா?

ரைன்கரைவாசி:

அவள் கதை வேறு. அமெரிக்கர்களுக்கு விசா இல்லாமல் 90 நாள் ஷெங்கனுக்குள் இருக்கும் உரிமை தனியாக உண்டு. வந்து 90 நாள் ஆகவில்லை என்றால் பாஸ்போர்ட்டை வைத்தே பிரான்ஸ் போய்வரலாம், அந்தத் தாளுக்கு அங்கே வேலையே இல்லை. 90 நாள் தாண்டிவிட்டால் முதலில் தன் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுக்கொள்ளட்டும். இரண்டு தாளும் பார்க்க ஒன்றுபோல் இருப்பதால் ஒருவருக்குக் கிடைத்த பதிலை இன்னொருவர் எடுத்துக்கொள்கிறார்கள். குழப்பம் பெரும்பாலும் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

கெல் அக்கா:

சட்டம் சரி. நான் கெல் ஊரிலேயே இருக்கிறேன், நடைமுறையைச் சொல்கிறேன்.

தம்பி, விடுதியை ஸ்ட்ராஸ்பூர்க்கில் போடாதே, கெல்லில் போடு. ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஜெர்மனி. இங்கிருந்து டி வரிசை டிராமில் ஏறினால் சுமார் 20 நிமிடத்தில் நகர நடுவில் ஓம் டெ ஃபேர் நிறுத்தம். மலிவு என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. தாள் விவரம் தெரியாத ஒரு காவலர் உன்னைத் திருப்பி அனுப்பிவிட்டாலும் படுக்கை இந்தப் பக்கமே இருக்கும். மற்ற மூவரின் வாரயிறுதியும் பாழாகாது. "நீ வராவிட்டால் நாங்களும் போகமாட்டோம்" என்று நண்பர்கள் சொல்வார்கள் பார், அந்தத் தர்மசங்கடமே வேண்டாம்.

இன்னொன்று, சந்தைக் காலத்தில் ஸ்ட்ராஸ்பூர்க்கில் காவல் மிக அதிகம். 2018 டிசம்பரில் சந்தைப் பகுதியில் துப்பாக்கிச் சூடு நடந்த ஊர் அது. பழைய நகரம் ஒரு தீவு. உள்ளே நுழையும் பாலங்களில் பையைத் திறந்து பார்ப்பார்கள். பெரிய முதுகுப்பையை விடுதியிலேயே வைத்துவிட்டுப் போங்கள். பாஸ்போர்ட், தாள், மாணவர் சேர்க்கைச் சான்று மூன்றும் உன் உடம்போடு இருக்கட்டும்.

பாசல் பற்றி: சுவிட்சர்லாந்தும் ஷெங்கன்தான், காகித விஷயத்தில் அதே விதி. ஆனால் அது ஐரோப்பிய ஒன்றியம் இல்லை. அங்கே கால் வைத்ததும் உன் கைபேசித் திட்டத்தில் உள்ள ஐரோப்பிய இணையம் செல்லாமல் போகலாம், தரைப்படம் பார்த்தே பணம் கரையும். மருத்துவக் காப்பீட்டு அட்டையின் பின்பக்கம் இருக்கும் ஐரோப்பிய அட்டை கோல்மாரில் செல்லும். நீ இந்தியக் குடிமகன் என்பதால் பாசலில் அதைக் காட்டி மருத்துவம் பெற முடியாது. சுவிட்சர்லாந்து, நார்வே, ஐஸ்லாந்து, லிக்டன்ஸ்டைன், டென்மார்க் ஐந்திலும் அதே கதைதான். டென்மார்க் ஒன்றியத்தில் இருந்தும் இப்படி! இத்தாலிக்காரனுக்கும் ஸ்பெயின்காரிக்கும் இந்தக் கவலை இல்லை. என்னைக் கேட்டால் கோல்மார் போ. ஸ்ட்ராஸ்பூர்க்கிலிருந்து ரயிலில் அரை மணி நேரம், கொஞ்சம் கூடலாம்.

பாடன் மாணவன்:

அக்கா, மிக்க நன்றி. கெல்லிலேயே அறை போட்டுவிட்டோம். கோல்மார் வென்றது. காப்பீட்டு விஷயம் கேட்ட பிறகு நான்தான் பிடிவாதமாக நின்றேன், ஸ்பெயின்காரி இன்னும் முறைக்கிறாள். எங்கள் நால்வரிடமும் டாய்ச்லான்ட் டிக்கெட் (ஜெர்மனி முழுவதும் உள்ளூர், வட்டார ரயில்களுக்கான மாத டிக்கெட்) இருக்கிறது. அது எதுவரை செல்லும்?

ரயில் பித்தன்:

கெல் வரைக்கும். அதற்கு அப்பால் ஒரு நிறுத்தம்கூடச் செல்லாது. ஆஃபன்பர்க்கிலிருந்து வரும் சிறிய ரயில் ஸ்ட்ராஸ்பூர்க் வரை நேராகவே போகும். அரைத்தூக்கத்தில் அப்படியே உட்கார்ந்திருந்தால் ஆற்றின் நடுவில் நீங்கள் டிக்கெட் இல்லாத பயணி. கெல்லில் இறங்கி டிராமுக்குத் தனியாக டிக்கெட் எடுங்கள், மேடையில் உள்ள இயந்திரத்தில் பதித்துவிட்டு ஏறுங்கள். வானிலை நன்றாக இருந்தால் டிராமே வேண்டாம், 2004-இல் கட்டிய நடைபாலம் இருக்கிறது. ரைன் ஆற்றை நடந்தே தாண்டலாம்.

எல்லை தாண்டியும் இந்த டிக்கெட் செல்லுகிற சில ஊர்கள் உண்டு: சால்ஸ்பர்க் முதன்மை நிலையம், குஃப்ஸ்டைன், பாசல் பாடிஷர் நிலையம். அதைப் பார்த்துவிட்டு எல்லா எல்லை ஊருக்கும் செல்லும் என்று நினைத்துவிடுகிறார்கள். ஐசிஇ, ஐசி என்ற தொலைதூர ரயில்களில் பொதுவாக இதை வைத்து ஏறக்கூடாது. டிக்கெட் இல்லாமல் பிடிபட்டால் ஜெர்மனியில் 60 யூரோ. பெயர் போட்ட டிக்கெட் இருந்தும் கைபேசி அணைந்துபோய்க் காட்ட முடியவில்லை என்றால் பிறகு காட்டி 7 யூரோவோடு தப்பிக்கலாம். குளிரில் கைபேசி சட்டென்று உயிரை விடும், மின்சேமிப்பி ஒன்று யாரிடமாவது இருக்கட்டும்.

மழை கொட்டினால் மாற்று வேண்டுமே: ஆஃபன்பர்க்கிலிருந்து டிரிபெர்க் பக்கம் போகும் கறுப்புக்காட்டு ரயில். முப்பதுக்கும் மேற்பட்ட சுரங்கங்கள், டாய்ச்லான்ட் டிக்கெட்டே போதும், எவரும் காகிதம் கேட்கப்போவதில்லை. எனக்கு ஸ்ட்ராஸ்பூர்க்கைவிட அதுதான் பிடிக்கும், ஆனால் என் பேச்சை வீட்டிலேயே யாரும் கேட்பதில்லை.

ஊர்சுற்றி:

சரி, நான் சொன்னது பழைய காலம், விட்டுவிடுங்கள். மாதாகோயிலில் வானியல் கடிகாரத்தைப் பாருங்கள். மதியம் 12:30 மணிக்குத்தான் அப்போஸ்தலர் பொம்மைகள் வரிசையாக வரும். ஞாயிற்றுக்கிழமை கிடையாது, சனிக்கிழமையே முடித்துவிடுங்கள்.

பாடன் மாணவன்:

போய்வந்தோம். பின்னால் தேடி வருகிறவர்களுக்காக எழுதிவைக்கிறேன்.

போகும்போது யாரும் எதுவும் கேட்கவில்லை. சந்தைக்குள் நுழையும் பாலத்தில் பையை மட்டும் பார்த்தார்கள். சனிக்கிழமை இரவு திரும்பும்போது கெல் நிலைய நிறுத்தத்தில் ஜெர்மன் காவலர்கள் இருவர் டிராமில் ஏறினார்கள். இத்தாலிக்காரனின் அட்டையை ஒரு பார்வை, முடிந்தது. என் பாஸ்போர்ட்டில் விசாப் பக்கத்தைத் திறந்து தேதியைப் பார்த்ததும் காவலரின் புருவம் உயர்ந்தது. கேட்பதற்கு முன்பே தாளை நீட்டினேன். கையுறையைக் கழற்றிவிட்டுப் பிரித்தார், நேராக மூன்றாம் பக்கம், கட்டத்தின் மேல் விரல், பிறகு செல்லுபடியாகும் தேதி. "நல்லது, நல்லிரவு" என்று மடித்துக் கொடுத்துவிட்டார். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. அதன் பிறகு இத்தாலிக்காரன் "பக்கத்து ஊர்தானே" என்று சொல்வதில்லை.

கோல்மார் அழகு, ஆனால் ஞாயிறு மதியம் தெருவில் நகர முடியாத கூட்டம். போகிறவர்கள் காலையிலேயே போய்விடுங்கள்.

அடுத்து ஒரு சந்தேகம். டிசம்பர் நடுவில் மலிவு விமானத்தில் புடாபெஸ்ட் போகலாம் என்கிறார்கள். பிறகு லண்டன் என்றும் ஒரு பேச்சு. இதே தாள் போதுமா?

ரைன்கரைவாசி:

லண்டனை மறந்துவிடு. பிரிட்டன் ஷெங்கன் இல்லை, இந்தியப் பாஸ்போர்ட்டுக்குத் தனி விசா வேண்டும். அயர்லாந்தும் அப்படித்தான்.

புடாபெஸ்ட் ஷெங்கன், சட்டப்படி தடையில்லை. ஆனால் அங்கே உன் காகிதத்தைப் பார்க்கப்போவது விமான நிறுவனத்தின் முகப்பு ஊழியர். மூன்றாம் பக்கக் கட்டத்தைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள், விசாவில் காலாவதித் தேதிதான் அவர் கண்ணுக்குத் தெரியும். ஏற்ற மறுத்தால் மலிவு டிக்கெட்டின் பணம் திரும்பி வருவது கடினம். நிறுவனத்துக்கு முன்கூட்டி எழுதிக் கேட்டுப் பதிலை அச்சிட்டு வைத்துக்கொள். பதில் வராவிட்டால் ரயிலில் போ, அல்லது அட்டை வந்த பிறகு போ.

கெல் அக்கா:

தாளை லேமினேட் செய்துவிடாதே, ஒட்டிவிட்டால் செல்லாது என்று தகராறு வரலாம். ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் உறை கடையில் கிடைக்கும், அதில் போட்டு வை. மடிப்பில்தான் முதலில் கிழியும்.