பிள்ளைகளோட சேர்ந்து உதவ ஒரு இடம் வேணும்

பாளையங்கோட்டையில இருக்கோம். மகளுக்கு 9 வயசு, மகனுக்கு 6. கொடுக்கிற குணம் சொல்லி வராது, கூட நின்னு செஞ்சாத்தான் வரும்னு நம்புறோம். மூணு மாசமா இடம் அமையல.

முதல்ல ஒரு முதியோர் இல்லம். சாப்பாடு கொடுக்கும்போது போட்டோ எடுத்தே ஆகணும்னு நின்னாங்க. ஒரு தாத்தா முகத்தத் திருப்பிக்கிட்டாரு. மக இனி அங்க வரமாட்டேன்னுட்டா. பழைய துணிய மூட்டை கட்டினப்போ, "நமக்கு வேண்டாததத்தானம்மா குடுக்கோம்?"னு கேட்டா. எனக்குப் பதில் வரல. தாமிரபரணி ஆத்தங்கரையில, குறுக்குத்துறையில பிளாஸ்டிக் பொறுக்கப் போனோம். கண்ணாடிச் சில்லு மகன் கால்ல குத்திட்டு, ஆத்து ஆழமும் பயம்.

2023 டிசம்பர்ல தாமிரபரணி வெள்ளம் வந்தப்போ தெருவே சேர்ந்து எலுமிச்சம்பழ சாதம் பொட்டலம் கட்டினோம். இலையத் தொடச்சுக் கொடுத்தது மகதான். இன்னைக்கும் அதையேதான் சொல்லுதா. அந்த மாதிரி கையால செய்யற வேலைதான் தேடுறோம்.

ஞாயித்துக்கிழமை காலையில 2 மணி நேரம் வர முடியும், டவுன் பஸ்ல அரை மணி தூரம் வரைக்கும். நாங்க ரெண்டு பேரும் பிள்ளைகள் கூடவே இருப்போம்.

பாளை, திருநெல்வேலி டவுன், மேலப்பாளையம் பக்கம், இந்த வயசுப் பிள்ளைகளையும் எங்களோட சேர்த்துக்கிற, போட்டோ கேக்காத இடம் எது?