நந்தி மலைச் சவாரியில் விரல் மரத்துப்போகிறது, முழங்கால் வலிக்கிறது: பைக் ஃபிட்டிங் செய்துகொள்ளலாமா?

அல்சூர்க்காரன் எழுதியது:

நண்பர்களுக்கு வணக்கம். என் வயது 46, உயரம் 170 சென்டிமீட்டர், எடை 74 கிலோ. வார நாட்களில் பெங்களூரின் அல்சூர் ஏரியைச் சுற்றிக் கொஞ்ச நேரமும், ஞாயிற்றுக்கிழமைகளில் விடியுமுன் கிளம்பி ஹெப்பாள், தேவனஹள்ளி வழியாக நந்தி மலை அடிவாரம் வரையிலும் ஓட்டுகிறேன். போக வர நூறு கிலோமீட்டரைத் தாண்டிவிடும். பந்தயத்தில் கலந்துகொள்ளும் எண்ணம் எனக்கு இல்லை. காலை டிபனுக்கு வலியில்லாமல் வீடு திரும்பினால் போதும்.

என்னுடையது இரண்டு ஆண்டுகளுக்கு முன் அலுவலக நண்பர் ஒருவரிடமிருந்து வாங்கிய ரோட் பைக், சட்டகத்தின் சைஸ் 56. முதல் முப்பது கிலோமீட்டர் வரை எந்தத் தொந்தரவும் இல்லை. அதற்குப் பிறகு இரண்டு கைகளிலும் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகின்றன. திரும்பும் வழியில் வலது முழங்காலின் முன்பக்கத்தில், சில்லுக்குச் சற்றுக் கீழே, வலி தொடங்குகிறது. வீட்டு மாடிப்படி ஏறும்போது அது நன்றாகத் தெரிகிறது. வீட்டுக்கு அருகிலுள்ள கடையில் சொன்னபோது, இந்த ஊரின் தாரக மந்திரமான 'ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி'யை (கொஞ்சம் அனுசரித்துக்கொள்ளுங்கள்) புன்னகையோடு சொல்லிவிட்டு, கை எட்டுவதற்காக என்று இருக்கையை 2 சென்டிமீட்டர் முன்னால் தள்ளி, அதன் மூக்கையும் கொஞ்சம் கீழே சாய்த்துக் கொடுத்தார்கள். அதன் பிறகு கை மரத்துப்போவது அதிகமாகியிருக்கிறதே தவிரக் குறையவில்லை.

முறையான பைக் ஃபிட்டிங், அதாவது வண்டியின் அளவுகளை என் உடலுக்கு ஏற்றபடி ஒரு நிபுணரிடம் சரிசெய்துகொள்வது, செய்துகொள்ளலாமா என்று யோசிக்கிறேன். அவர்கள் கேட்கும் கட்டணம் ஒரு ஜோடி நல்ல டயரின் விலையைத் தாண்டுகிறது. என்னைப் போன்ற ஞாயிற்றுக்கிழமை ஓட்டுநருக்கு அது தேவைதானா, அல்லது இன்ச் டேப்பை வைத்துக்கொண்டு வீட்டிலேயே சரிசெய்துகொள்ள முடியுமா?

சிறுபல்சக்கரம் எழுதியது:

பணம் கொடுப்பதற்கு முன் இரண்டு அளவுகளை எடுத்துவிடுங்கள். வெறுங்காலுடன் சுவரில் முதுகு ஒட்ட நின்று, ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தைக் கால்களுக்கு இடையில், இருக்கையில் உட்காரும்போது அழுந்தும் அளவுக்கு மேலே இழுத்துப் பிடித்து, அதன் மேல்விளிம்பிலிருந்து தரை வரை அளந்தால் உங்கள் காலின் உள்நீளம் கிடைக்கும். அதை 0.883 ஆல் பெருக்கினால் வருவது, கிராங்க் (பெடல் மாட்டியிருக்கும் கம்பி) சுழலும் அச்சின் மையத்திலிருந்து இருக்கையின் மேற்பரப்பு வரை இருக்கவேண்டிய உயரம். அமெரிக்கச் சைக்கிள் பந்தய வீரர் கிரெக் லெமாண்ட் பிரபலப்படுத்திய கணக்கு இது. அதே இடத்தை உங்கள் வண்டியிலும் அளந்து, இரண்டு எண்களையும் இங்கே எழுதுங்கள். எதையும் இப்போதே திருகிவிட வேண்டாம்.

அல்சூர்க்காரன் எழுதியது:

உள்நீளம் 81 சென்டிமீட்டர். வண்டியில் இருக்கை 69.5 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. கிராங்க் 170 மில்லிமீட்டர்.

சிறுபல்சக்கரம் எழுதியது:

81-ஐ 0.883 ஆல் பெருக்கினால் 71.5. இன்னொரு பழைய கணக்கின்படி, உள்நீளத்தில் 109 விழுக்காடு பெடலிலிருந்து இருக்கை வரை இருக்கவேண்டும்; அதாவது 88.3, அதில் கிராங்கின் 17-ஐக் கழித்தால் 71.3. வெவ்வேறு வழியில் வந்த இரண்டு கணக்குகளும் 2 மில்லிமீட்டர் வித்தியாசத்தில் ஒரே இடத்தைக் காட்டுகின்றன. உங்கள் இருக்கையோ அதற்கு ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் கீழே இருக்கிறது. இருக்கை தாழ்ந்திருந்தால் பெடல் மேலே வரும் ஒவ்வொரு முறையும் முழங்கால் அளவுக்கு மீறி மடங்கி, சில்லின் மேல் அழுத்தம் கூடும். உங்கள் முன்பக்க வலி இதோடு பொருந்துகிறது. உயரம் கூடிப்போனால் வலி பெரும்பாலும் முழங்காலின் பின்புறம் வரும், இடுப்பும் இருபுறமும் ஆடும்.

இவை தொடக்கப் புள்ளியைக் காட்டும் கணக்குகளே. பாதத்தின் நீளம், ஷூவின் அடித்தடிமன், தொடையின் பின்தசை எவ்வளவு நீளும் என்பதெல்லாம் இவற்றில் இல்லை. பெடல் மிகக் கீழே இருக்கும் நிலையில் முழங்கால் 25 முதல் 35 பாகை வரை மடங்கியிருக்கவேண்டும் என்ற அளவுகோல் இவற்றைவிட நம்பத்தக்கது. ஆனால் உங்கள் முழங்காலை நீங்களே அளக்க முடியாது, மிதிக்காமல் நிறுத்தி எடுக்கும் கோணமும் மிதிக்கும்போது உள்ள கோணமும் சில பாகைகள் மாறுபடும்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. சீட்போஸ்ட் (இருக்கையைத் தாங்கும் குழாய்) பின்பக்கமாகச் சாய்ந்திருப்பதால், இருக்கையை 20 மில்லிமீட்டர் உயர்த்தினால் அது தானாகவே ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் பின்னாலும் போகும். ஹேண்டில்பார் இருக்கும் இடத்திலேயே இருப்பதால், நீங்கள் முன்னைவிட 20 மில்லிமீட்டர் கூடுதலாகக் குனியவும் வேண்டியிருக்கும். முழங்காலைச் சரிசெய்யப் போய்க் கையைக் கெடுத்துக்கொள்வீர்கள். உங்களுக்கு ஒரே ஒரு தொந்தரவு இருந்திருந்தால் இன்ச் டேப் போதும் என்றே சொல்லியிருப்பேன். இரண்டும் ஒன்றையொன்று இழுப்பதால் ஃபிட்டரிடம் போவதே நல்லது.

இயன்முறை எழுதியது:

நான் இயன்முறை மருத்துவம் பார்ப்பவள். சைக்கிள் ஓட்டுபவர்கள் பலர் என்னிடம் வருகிறார்கள். சுண்டுவிரலும் மோதிரவிரலும் சேர்ந்து மரத்துப்போவது, உள்ளங்கையின் வெளிப்புறச் சதைமேட்டின் வழியாக விரல்களுக்குச் செல்லும் அல்னார் நரம்பு அழுந்துவதைக் காட்டுகிறது. பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் ஆகியவை மரத்திருந்தால் அது வேறு நரம்பு, மணிக்கட்டைப் பின்னால் மடித்துப் பிடிப்பதோடு தொடர்புடையது. எனவே ஃபிட்டரிடம் 'கை மரத்துப்போகிறது' என்று மட்டும் சொல்லாமல், எந்த விரல்கள், எத்தனையாவது கிலோமீட்டரில், ஹூடை (பிரேக் லீவரின் மேலுள்ள ரப்பர் பிடி) பிடிக்கும்போதா, ஹேண்டில்பாரின் கீழ்வளைவைப் பிடிக்கும்போதா என்பதையும் குறித்துக்கொண்டு போங்கள்.

கடையில் செய்த மாற்றம் ஏன் எதிர்விளைவைத் தந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது பலரும் செய்யும் தவறு. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, பாதங்களை நாற்காலிக்கு முன்னால் வைத்துக்கொண்டு எழுந்திருக்கப் பாருங்கள், முடியாது. பாதங்களை உள்ளே இழுத்தால் உடலின் எடை பாதத்தின் மேல் வந்து எளிதாக எழுவீர்கள். வண்டியில் இதே கணக்கு உட்காரும் பக்கத்திலிருந்து நடக்கிறது. இடுப்பு பெடலுக்குப் போதுமான அளவு பின்னால் இருந்தால், குனிந்த உடலின் எடையை இடுப்பும் கால்களும் தாங்கிக்கொள்ளும். இடுப்பை முன்னால் தள்ளினால் அந்த எடை முன்னால் கவிழ்ந்து கைகளுக்குப் போகும். ஹேண்டில்பார் பக்கத்தில் வந்துவிட்டது என்பது மெய்தான், ஆனால் கை சுமப்பது கூடிவிட்டது. போதாக்குறைக்கு மூக்கு கீழே சாய்ந்திருப்பதால் நீங்கள் ஓயாமல் முன்னால் வழுக்குகிறீர்கள். அதைத் தடுத்து நிறுத்துவதும் உள்ளங்கைகள்தான். இருக்கையை ரசமட்டம் வைத்துச் சமமாக்குவதை மட்டும் இன்றே செய்யலாம், அதற்கு யாரும் தேவையில்லை.

சவாரி முடிந்து பல மணி நேரம் கழிந்தும் மரப்பு நீங்காவிட்டாலோ, சட்டைப் பொத்தான் போடுவதற்கும் சாவியைத் திருகுவதற்கும் விரலில் பலம் இல்லை என்று தோன்றினாலோ, ஃபிட்டிங்கை ஒத்திவைத்துவிட்டு முதலில் மருத்துவரைப் பாருங்கள்.

எதிர்காற்று எழுதியது:

நான் கொஞ்சம் மாற்றுக் கருத்து சொல்லவேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் இந்த ஊரிலேயே ஓரிடத்தில் ஃபிட்டிங் செய்துகொண்டேன். கேமரா, மூட்டுகளில் ஒட்டும் குறிகள், பெரிய திரை, வண்ண வண்ணமாக அறிக்கை என்று எல்லாம் இருந்தன. என் பழைய முதுகுவலியைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லை. படுக்கவைத்துக் காலைத் தூக்கிப் பார்க்கவில்லை. எல்லாக் கோணமும் பச்சை நிறத்துக்குள் வந்ததும் முடிந்துவிட்டது என்றார்கள். ஒரு புது இருக்கையையும் தலையில் கட்டினார்கள். இரண்டு வாரத்தில் என் கீழ்முதுகு முன்பைவிட மோசமானது, திரும்பப் போனால் மறுபடியும் முழுக் கட்டணம் கேட்டார்கள்.

ஆகவே என் வாதம் ஃபிட்டிங் கூடாது என்பதன்று. ஸ்பெஷலைஸ்டு என்ற சைக்கிள் நிறுவனம் 2012-இல் வாங்கிய ரெட்டூல் போன்ற முப்பரிமாணக் கருவிகள் மில்லிமீட்டர் பிசகாமல் அளக்கலாம். அளந்ததை வைத்து என்ன செய்வது என்று முடிவெடுப்பவர் மனிதர்தான், உங்கள் பணம் அவருக்குத்தான் போகவேண்டும். தொலைபேசியிலேயே கேளுங்கள்: உடல் நெகிழ்வைப் பரிசோதிப்பீர்களா, கிளீட்டையும் (ஷூவைப் பெடலில் பூட்டும் அடித்தகடு) பார்ப்பீர்களா, சில வாரங்கள் கழித்து மறுபார்வைக்குத் தனிக் கட்டணம் உண்டா, ஸ்டெம்மோ (ஹேண்டில்பாரைச் சட்டகத்தோடு இணைக்கும் துண்டு) இருக்கையோ மாற்றவேண்டியிருந்தால் முதலில் ஓட்டிப் பார்க்கக் கொடுப்பீர்களா? பதில் சொல்லத் தயங்குபவரிடம் போகாதீர்கள்.

நூற்றைம்பதைத்தாண்டி எழுதியது:

எல்லோரும் இருக்கையையே சுற்றிவருகிறீர்கள். 170 சென்டிமீட்டர் உயரத்துக்கு 56 சைஸ் சட்டகம் பெரியது. பெரும்பாலான நிறுவனங்களின் பட்டியலில் இந்த உயரத்துக்கு 52 அல்லது 54 என்றுதான் இருக்கும். நண்பரிடம் வாங்கும் வண்டியில் நாம் சைஸைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்ப்போம். நானும் அப்படித்தான் என் முதல் வண்டியை என் அண்ணனிடமிருந்து எடுத்துக்கொண்டு, ஓராண்டு முழுவதும் கழுத்துவலியோடு ஓட்டினேன். சட்டகத்தின் நீளத்தை எந்த ஃபிட்டராலும் குறைக்க முடியாது. ஸ்டெம்மைக் குறைக்கலாம், வளைவு குறைந்த ஹேண்டில்பார் போடலாம், அத்தோடு அவருடைய கையிருப்பு தீர்ந்துவிடும். 110 மில்லிமீட்டர் ஸ்டெம்மை 80 ஆக்குவது வரை பரவாயில்லை. அதற்கும் கீழே போகவேண்டியிருந்தால் வண்டியை விற்கும் வேலையைப் பார்ப்பதே மேல்.

பெண்களும் சிறிய கை உள்ளவர்களும் கவனிக்கவேண்டியது பிரேக் லீவர். பெரும்பாலான லீவர்களில் ஒரு சிறிய திருகாணி இருக்கும். அதைத் திருகினால் லீவர் ஹேண்டில்பாருக்குப் பக்கத்தில் வரும். நந்தியிலிருந்து இறங்கும்போது ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் விரலை நீட்டி நீட்டிப் பிடித்து, பாதி வழியில் கை நடுங்கி நின்றிருக்கிறேன். அந்தத் திருகாணியைப் பற்றி எனக்கு முதன்முதலில் சொன்னவர் என் ஃபிட்டர். ஹேண்டில்பாரின் அகலமும் தோளின் அகலத்துக்கு ஏற்ப இருக்கவேண்டும். 44 சென்டிமீட்டர் பலருக்கும் அகலம் அதிகம்.

இருக்கை மெத்தென்று இருக்கவேண்டும் என்று ஜெல் உறை வாங்கிவிடாதீர்கள். எடையைத் தாங்கவேண்டியவை உட்காரும் எலும்புகள் இரண்டும்தான்; மெத்தை அமுங்கினால் அந்த அழுத்தம் நடுவிலுள்ள மென்மையான பகுதிக்குப் போய்விடும். ஒரு நெளி அட்டையின் மேல் குனிந்து உட்கார்ந்து எழுந்தால் இரண்டு பள்ளங்கள் தெரியும். அவற்றின் மையங்களுக்கு இடையேயுள்ள தூரத்தைவிடச் சுமார் 2 சென்டிமீட்டர் அகலமான இருக்கையிலிருந்து தேடத் தொடங்கலாம்.

டயரில் எவ்வளவு காற்று அடிக்கிறீர்கள் என்று நீங்கள் சொல்லவில்லை. நம் ஊர் ஹம்ப்புகளின் மேல் 25 மில்லிமீட்டர் டயரில் 110 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) அடித்துக்கொண்டு போனால், எந்த ஃபிட்டிங்கும் உங்கள் உள்ளங்கையைக் காப்பாற்றாது. வண்டியில் இடம் இருந்தால் 28 போட்டு, உங்கள் எடைக்கு 75 அளவில் வைத்துப் பாருங்கள்.

அல்சூர்க்காரன் எழுதியது:

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன், தாமதத்துக்கு மன்னிக்கவும். நீங்கள் சொன்ன கேள்விகளையெல்லாம் கேட்டு, மூன்றாவதாகப் பேசிய ஃபிட்டரிடம் போனேன். மூன்று மணி நேரம் ஆனது. முதல் முக்கால் மணி நேரம் வண்டியை அவர் தொடவே இல்லை. பழைய காயங்கள், வேலை, எவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்கிறேன் என்று கேட்டார். பிறகு படுக்கவைத்துக் காலைத் தூக்கிப் பார்த்ததில் வலது தொடையின் பின்தசை இடதைவிட இறுக்கமாக இருப்பது தெரிந்தது. வலது கிளீட் உள்பக்கம் திரும்பியிருந்ததையும் அவர்தான் கண்டுபிடித்தார். ஷிமானோவின் மஞ்சள் கிளீட் 6 பாகை அசைவு தரும் என்ற நம்பிக்கையில் நான் அதைப் பொருட்படுத்தியதே இல்லை. ஆனால் கோணலாகப் பூட்டியதால், என் பாதம் இயல்பாகத் திரும்ப விரும்பிய பக்கத்தில் அந்த அசைவு மிச்சமில்லாமல் போயிருக்கிறது.

இருக்கை இப்போது 71 சென்டிமீட்டரில், சமமாக, முன்பிருந்ததைவிட 18 மில்லிமீட்டர் பின்னால் இருக்கிறது. ஒரே நாளில் உயர்த்தாமல், வாரத்துக்கு 5 மில்லிமீட்டராக ஏற்றச் சொன்னார். ஸ்டெம் 80 ஆனது, ஹேண்டில்பார் 44-இலிருந்து 40 ஆனது. சட்டகம் பெரியது என்று அவரும் சொன்னார். அடுத்த முறை சைஸ் எண்ணை நம்பாமல் ஸ்டாக், ரீச் என்ற இரண்டு அளவுகளை (கிராங்க் அச்சிலிருந்து சட்டகத்தின் முன்குழாய் உச்சி வரையுள்ள உயரமும் கிடைநீளமும்) பார்த்து வாங்கச் சொல்லி, எனக்குப் பொருந்தும் எண்களை எழுதிக் கொடுத்திருக்கிறார். உண்மையில் எனக்குக் கட்டணத்தின் பெரும்பகுதி திரும்பக் கிடைத்தது அந்தத் தாளில்தான் என்று நினைக்கிறேன்.

முழங்கால் வலி மூன்றாவது வாரத்தில் நின்றுவிட்டது. விரல்கள் முழுவதுமாகச் சரியாகவில்லை. ஆனால் முன்பு போகும்போதே தேவனஹள்ளியைத் தாண்டுவதற்குள் மரத்தவை, இப்போது திரும்பும் வழியில்தான் மரக்கின்றன, அதுவும் கையை இடம் மாற்றிப் பிடித்தால் போய்விடுகிறது. 28 டயரும் போட்டுவிட்டேன், அதனால் எவ்வளவு, ஃபிட்டிங்கால் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. மறுபார்வை அடுத்த சனிக்கிழமை.

ஒரு சிறு கேள்வி. பொங்கலுக்குச் சேலம் போகும்போது வண்டியைப் பிரித்துக் காரில் எடுத்துச் செல்லவேண்டும். இந்த அளவுகள் மாறாமல் எப்படித் திரும்பப் பொருத்துவது?

சிறுபல்சக்கரம் எழுதியது:

சீட்போஸ்ட் சட்டகத்துக்குள் நுழையும் இடத்துக்கு மேலே ஒரு சுற்று இன்சுலேஷன் டேப் ஒட்டிவிடுங்கள். திரும்பப் பொருத்தும்போது டேப்பின் கீழ்விளிம்பு கிளாம்பைத் தொடும்வரை இறக்கினால் போதும். ஹேண்டில்பாரில் ஸ்டெம் பிடிக்கும் இடத்திலும் இருபுறமும் வெள்ளைப் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள், அதன் சாய்வு மாறிவிட்டால் ஹூடின் உயரமும் மாறிவிடும். இருக்கையைச் சீட்போஸ்டிலிருந்து கழற்றவே வேண்டாம். சில சவாரிகளுக்குப் பிறகு டேப் சுருங்கி கிளாம்பின் மேல் ஏறியிருந்தால், சீட்போஸ்ட் மெல்ல இறங்குகிறது என்று பொருள். கார்பன் சீட்போஸ்டாக இருந்தால் கிரீஸ் தடவாமல் கார்பன் பேஸ்ட் தடவி, டார்க் ரெஞ்சால் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பானர்) அதில் அச்சிட்டிருக்கும் அளவுக்கு இறுக்குங்கள்.